லாரி திரும்பிய பிறகு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியும் முன்னரே வேதாரண்யத்திற்கு அருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைச் சாய்த்துவிட்டு, வலுவிழந்த நிலையில் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் வழியாகவே மேற்கே சென்றது. மலைச்சாலைகளில் மரங்கள் முறிந்து விழுந்தன. எனினும் தாடிக்கொம்பை அடுத்த எங்கள் அகரத்தில் கிழக்குச் சீமை கண்ட அழிவு இல்லை. நாங்கள் பிழைத்துக்கொண்டோம். பிழைத்துக்கொண்டவர்களுக்கே உரிய பெருந்தன்மையுடன் உதவிக்கு எழுந்தோம்.

ஞாயிறு திருப்பலி முடிவில் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்திற்குள் கோயில் தாழ்வாரத்தில் மூட்டைகள் குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்கியவர்களுள் நாங்களும் இருந்தோம். ஆகவே உள்ளே இருந்தவை எவை என்பதை அறிவோம். அரிசியும் பருப்பும் இருந்தன. ஆனால் பெரும்பகுதி துணிகள்: பொத்தான் அறுந்த சட்டைகள், சாயம் போன பாவாடைகள், ஓரம் கிழிந்த சரிகைப் புடவைகள், தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலுக்கு எந்நாளும் ஒவ்வாத கம்பளிச் சட்டைகள். வீட்டில் இடத்தை அடைத்துக் கிடந்தவை அனைத்தும் அன்று அறச்செயலாக மாறின. லாரியின் நெற்றியில் பங்கின் பெயர் எழுதிய பதாகையைக் கட்டினோம்; நின்று படம் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் லாரி வெறுமையாகத் திரும்பியது. எங்கள் கடமையும் அத்துடன் நிறைவுற்றது.

மறு ஆண்டு வேளாங்கண்ணித் திருப்பயணம் முடித்துத் திரும்பும்போது எங்களுள் சிலர் பட்டுக்கோட்டைப் பக்கம் இறங்கினோம். தோப்போரம் அமர்ந்திருந்த மரம் ஏறும் தொழிலாளி ஒருவரிடம், உதவிகள் வந்து சேர்ந்தனவா என்று வினவினோம். "வந்துச்சுங்கய்யா. துணி வந்துச்சு, அரிசி வந்துச்சு, மெழுகுவத்தி வந்துச்சு. ஏறுறதுக்கு மரந்தான் வரலை" என்றார். அவர் எங்களைக் குறை கூறவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பு இன்றும் எங்களைச் சுடுகிறது.

கசப்பாயினும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். பேரிடருக்குப் பின் நாம் செய்துவரும் உதவியில் பெரும்பகுதி, கொடுப்பவரின் மனத்தை ஆற்றுகிறதேயன்றிப் பெறுபவரின் ஊரை எழுப்புவதில்லை. சில வேளைகளில் அவ்வூர் எழுவதற்கே தடையாகி நிற்கிறது. இக்குற்றத்தில் முதற்பங்கு எங்களுடையது. அதை ஒப்புக்கொண்டே எழுதுகிறோம்.

பழந்துணிகளின் சாட்சியம்

இது 2018-இல் தோன்றிய நோயன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். அன்று எழுந்த ஆழிப்பேரலை தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் 6,000 பேர் அளவில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மடிந்தவர்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். நாடே அழுதது, நாடே அள்ளிக் கொடுத்தது. அக்கொடையின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. முதல் நாள்களில் உணவும் குடிநீரும் மருந்தும் சுமந்து ஓடியவர்கள் உயிர்களைக் காத்தனர்.

ஆனால் அடுத்து வந்த வாரங்களில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் குவிந்து கிடந்தவை எவை? நாடெங்கிலுமிருந்து வந்து இறங்கிய பழந்துணிகள். மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தனர். முந்தைய நாள் வரை தம் உழைப்பில் உண்டு உடுத்தவர்கள், பிறர் உடுத்துக் கழித்ததை ஏன் உடுக்கவேண்டும்? துணிகள் மழையில் நனைந்து, சேற்றில் மிதிபட்டு, அள்ளிக் கொட்டவேண்டிய குப்பையாயின. நம் வீட்டுப் பரண் தூய்மையாயிற்று. அவர்கள் தெரு குப்பையாயிற்று.

படகுகளின் கதையும் இத்தகையதே. நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஃபைபர் படகுகளை வழங்கின. பல கடலோர ஊர்களில் பேரலைக்கு முன் இருந்ததைவிடப் பின்னர் படகுகள் பெருகிவிட்டன. படகு உண்டு, ஏறிச்செல்ல ஆள் இல்லை. ஆள் கிடைத்தால், அத்தனை படகுக்கும் கடலில் மீன் இல்லை. காரணம் எளிது. படகு படத்தில் நன்றாகத் தெரியும். அதன் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்ற பெண்ணுக்குத் தேவைப்பட்ட சிறு முதலின்மீது எவர் பெயரையும் எழுத இயலாது. உப்பளத்தில் கூலி இழந்தவர், உவர்நீர் புகுந்த வயலில் நடவு வேலை இழந்தவர் ஆகியோர் பட்டியலின் ஓரத்திலேயே நின்றனர். தலித் மக்கள் நிவாரண வரிசைகளிலும் முகாம்களிலும் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அந்நாளிலேயே பதிவு செய்தன. அலை சாதி பார்க்கவில்லை. அலைக்குப் பின் வந்த உதவி பார்த்தது.

மரத்திற்கு விலை உண்டு, ஏறியவருக்கு?

கஜாவுக்கு மீண்டும் வருவோம். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தது. மாநில அரசு நடுவண் அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். அவ்வாண்டின் இறுதியில் ஒப்புதல் கிட்டியது 1,146 கோடிக்கு. இப்பற்றாக்குறையைக் குறித்து அன்றே பலர் எழுதினர், நாமும் பேசினோம். அரசைக் குறை கூறுவது நமக்கு என்றும் எளிது. நாம் கேட்க மறந்த கேள்வி வேறு: அந்த 1,100 ரூபாய் எவர் கைக்குச் சென்றது?

நிலத்திற்கு உரிமை காட்ட இயன்றவர் கைக்கு. அது தவறன்று, அவர் இழந்ததற்கு முன் அது சிறு தொகையே. ஆனால் ஒரு தென்னையை நம்பி வாழ்ந்தவர் அதன் உடைமையாளர் மட்டுமா? ஏறிப் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண், கயிறு திரித்தவர், வண்டி ஓட்டியவர், தோப்பு வேலையாள்களுக்குத் தேநீர் விற்ற மூதாட்டி என ஒரு மரத்தின் நிழலில் ஓர் ஊரே அமர்ந்திருந்தது. மரத்தை எண்ணிய பட்டியலில் இவர்களுள் ஒருவரும் இல்லை. நெட்டைத் தென்னங்கன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த ஆறேழு ஆண்டுகளில் இவர்கள் எதை உண்பது என்று அரசும் கேட்கவில்லை. லாரி அனுப்பிய நாமும் கேட்கவில்லை.

உண்பதற்கு வழியில்லாத இடத்தில் கடன் நுழைகிறது. புயல் அடித்த சில வாரங்களிலேயே நுண்கடன் நிறுவனங்களின் வசூலாளர்கள் கூரையற்ற வீடுகளின் வாசலில் வந்து நின்றனர் என்று டெல்டாப் பெண்கள் வீதிக்கு வந்து முறையிட்டனர். நாம் அனுப்பிய அரிசி மூட்டையின் மேலே அமர்ந்துகொண்டு தவணைக்கு என்ன செய்வது என்று அழுத தாய்மார்களுக்கு, நம் கம்பளிச் சட்டையால் என்ன பயன்?

பசிக்குக் காரணம் உணவின்மை மட்டுமன்று, வாங்கும் ஆற்றலின்மையே என்பதைப் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளிவந்த தம் நூலில், 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சான்றாகக் காட்டி நிறுவினார். கூலி நின்றவனுக்குச் சந்தையில் நெல் குவிந்திருந்தும் பயனில்லை. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சத்தில் இதை உடலால் அறிந்திருந்தனர். 1876 முதல் 1878 வரை தென்னகத்தை உலுக்கிய அப்பஞ்சத்தின்போது, வேலைக்குக் கூலி என்ற முறையில்தான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி வெட்டப்பட்டது. வேலை கொடுத்தது நல்ல எண்ணமே. ஆனால் சர் ரிச்சர்டு டெம்பிள் அக்கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியத்தின் அளவுக்குக் குறைத்தார். உழைத்தவரின் உடலே அந்த வேலையில் கரைந்தது. உதவி என்ற பெயரில் எதைக் கொடுத்தாலும் போதும் என்று எண்ணும் மனம் அன்றும் இருந்தது. இன்று அது வேறு உடை தரித்து நம்மிடையே உலவுகிறது.

சமாரியர் என்ன செய்தார்?

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! குருவும் லேவியரும் விலகிச் சென்றதையும், சமாரியர் இரங்கியதையும் குறித்து மறையுரைகள் பல உண்டு. அவர் உதவிய முறையை நாம் கூர்ந்து நோக்கியதுண்டா?

முதலில் தம்மிடம் இருந்த எண்ணெயையும் திராட்சை மதுவையும் காயத்தில் வார்த்தார். அது உடனடித் தேவை, தாமதிக்கவில்லை. பின்னர் அடிபட்டவரை அந்தச் சாலையிலேயே இருந்த ஒரு சாவடிக்குக் கொண்டுசென்றார். மறுநாள் அந்தச் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். அது அந்நாளில் ஒரு கூலியாளின் இரு நாள் கூலி. தம் ஊரிலிருந்து பழைய போர்வைகளை வரவழைக்கவில்லை. அவ்வழியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு தொழிலை நம்பினார். அதற்கு உரிய விலையைப் பணமாகத் தந்தார். இவற்றினும் மேலாக, திரும்பி வருவேன், மிகுதியாகச் செலவானால் அதையும் தருவேன் என்று வாக்களித்துச் சென்றார்.

திரும்பி வருதல்! நம் உதவிகளில் இல்லாதது இதுவே. நம் லாரி திரும்பி வந்தது நம் ஊருக்கு. சமாரியர் திரும்பி வருவதாகச் சொன்னது காயப்பட்டவரிடம்.

நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தையும் எண்ணிப் பார்க்கலாம். எருசலேமின் மதில் எழும்பிக்கொண்டிருக்கிறது. வேலையின் நடுவே மக்கள் கூக்குரலிடுகின்றனர்: தானியத்திற்காக வயல்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டோம், வரி கட்டக் கடன்பட்டோம், பிள்ளைகளை அடிமைகளாக விடுகிறோம் என்கின்றனர். நெகேமியா சினங்கொண்டு பெருமக்களைக் கூட்டி, வயலையும் வட்டியையும் திருப்பித் தரச் செய்கிறார். தாமும் தம் சகோதரரும் கடன் கொடுத்தவர்களே என்பதையும் மறைக்கவில்லை. கல்மேல் கல் வைப்பதால் மட்டும் நகரம் மீள்வதில்லை. அந்நகரத்தின் உழைப்பாளி கடனிலிருந்து மீளும்போதே நகரமும் மீள்கிறது.

"குடித்துவிடுவார்கள்" என்னும் வாதம்

பொருளாக அனுப்பாமல் பணமாக உதவலாம் என்று எங்கள் அன்பியக் கூட்டம் ஒன்றில் கூறியபோது உடனே எழுந்த மறுமொழி: "பணமாகக் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்." சொன்னவர் தீயவர் அல்லர், கோயில் காரியங்களில் முன்நிற்பவர். ஆனால் இச்சொல்லைச் சற்றே நிறுத்துப் பார்ப்போம். மரத்துக்கு 1,100 ரூபாய் வீதம் தோப்புக்காரருக்குத் தரும்போது, அவர் அதை என்ன செய்வார் என்று எவரேனும் கேட்டதுண்டா? அவர் பணம் பெறத் தகுதியுள்ளவர். அவர் தோப்பில் மரம் ஏறியவர் மட்டும் மூட்டைதான் பெறவேண்டும். இதற்குப் பெயர் முன்னெச்சரிக்கையன்று, இழிவான எண்ணம்.

உலக வங்கியின் ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவு, ஏழைகளுக்குத் தரப்படும் பணம் மதுவிலும் புகையிலையிலும் கூடுதலாகச் செலவாகவில்லை என்பதே. 2023 டிசம்பரில் சென்னையையும், பின்னர்த் தூத்துக்குடி, நெல்லைச் சீமையையும் வெள்ளம் சூழ்ந்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் குடும்பத்திற்கு 6,000 ரூபாயை அரசே நியாயவிலைக் கடைகள் வழியே ரொக்கமாகத் தந்தது. அரசு நம்பும் ஏழையைத் திருச்சபை மக்களாகிய நாம் நம்ப மறுப்பது என்ன நீதி? ஐயம் தீராதவர்கள் குடும்பத் தலைவியின் கையில் கொடுக்கட்டும். கொடுக்காமலிருக்க அதைக் காரணமாக்க வேண்டாம்.

பணத்தால் வேறொரு நன்மையும் உண்டு. அரிசியை நாம் இங்கிருந்து அனுப்பினால், சேதமடைந்த அவ்வூரின் மளிகைக் கடைக்காரர் இரண்டாம் முறை அடிபடுகிறார். இலவச மூட்டைக்கு எதிரில் அவர் எதை விற்பார்? அதே தொகையை மக்கள் கையில் தந்தால், அது கடைக்காரர் கைக்கும், அவரிடமிருந்து வண்டிக்காரர் கைக்கும், அங்கிருந்து தேநீர்க்கடைக்கும் சென்று சுழலும். ஒரு ரூபாய் நான்கு வாசல்களைத் தொடும். சாலை அறுந்து கடைகள் மூடிய முதல் நாள்களில் பொருளாகத்தான் தரவேண்டும் என்பதை மறுக்கவில்லை. சந்தை மூச்சுவிடத் தொடங்கிய பின்னும் மூட்டை அனுப்புவதையே குறை கூறுகிறோம்.

இவை நடவாத கனவுகள் அல்ல. 2001 ஜனவரி 26-இல் பூகம்பம் கண்ட குஜராத்தின் கட்ச் பகுதியில், பெரும்பாலான குடும்பங்கள் அரசின் உதவித் தொகையைத் தவணைகளாகப் பெற்று, பொறியாளரின் வழிகாட்டலுடன் தம் வீடுகளைத் தாமே கட்டிக்கொண்டன. உள்ளூர்க் கொத்தனார்கள் பயிற்சி பெற்றனர். கூலி ஊருக்குள்ளேயே தங்கிற்று. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளத்தின் சேந்தமங்கலம் நெசவாளர்கள், ஓணத்திற்காக நெய்து வைத்திருந்த துணிகளைச் சேற்றில் இழந்தனர். விற்கவே இயலாத அத்துணிகளைத் துவைத்து வெட்டிச் சிறு பொம்மைகளாக்கினர் தன்னார்வலர்கள். 'சேக்குட்டி' என்ற பெயரில் ஒன்று 25 ரூபாய்க்கு அப்பொம்மைகள் நாடெங்கும் விற்கப்பட்டு, பணம் நெசவாளரைச் சென்றடைந்தது. வாங்கியவர் பிச்சை இடவில்லை, விலை கொடுத்தார். பெற்றவர் கையேந்தவில்லை; தம் நெசவின் பயனைப் பெற்றார்.

எங்கள் வாசலிலும்

இவையெல்லாம் கடலோரத்தின் கவலை என்று அகரத்தில் நாங்கள் அமர்ந்துவிட முடியாது. எங்கள் பேரிடர் ஓசையின்றி வரும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இந்த மாவட்டத்திலும் கிணறுகள் வற்றின. தென்னைகள் நின்றவாறே காய்ந்தன. புயலில் விழுந்த மரத்தை நாடு படம் பிடித்தது. நின்று செத்த மரத்தைப் படம் பிடிக்க எவரும் வரவில்லை.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கிற்று. கோயில்கள் அடைபட, திருமணங்கள் தள்ளிப்போக, நிலக்கோட்டை, திண்டுக்கல் பூச்சந்தைகளை நம்பியிருந்த மல்லிகை செடியிலேயே வாடியது. விடியற்காலையில் பூப்பறித்துக் கூலி பெற்ற பெண்களின் அடுப்பும் அணைந்தது. சின்னாளபட்டியின் தறிகளும் திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறைகளும் ஓய்ந்தன. அந்நாள்களிலும் நாங்கள் 'நிவாரணப் பை' வழங்கினோம். அதிலிருந்த பொருள்களை வெளியூர் மொத்தக் கடை ஒன்றில் வாங்கினோம். பத்து ரூபாய் மலிவு என்பது காரணம். எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே காய்கறி விளைவித்தவர் விலையின்றி வயலில் விட்டதை அப்போது நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பசித்தவருக்குக் கொடுக்க, பசித்தவரிடமே விலை கொடுத்து வாங்கியிருக்கலாம். மலிவு பார்த்தோம், அண்டை வீட்டாரைப் பார்க்கவில்லை.

இனியேனும்

மீண்டும் புயல் வரும். மழை பொய்க்கவும் செய்யும். அதற்கு முன்னரே நம் பங்குகள் சில முடிவுகளை எடுத்துக்கொள்வது நலம். பழந்துணி திரட்டுவதை அறவே நிறுத்துவோம். துணி தேவையெனில் புதுத்துணியே வாங்குவோம். அதையும் பாதிக்கப்பட்ட பகுதியின் கடையிலோ தறியிலோ வாங்குவோம். முதல் வாரம் கடந்தபின் உதவி பணமாகவோ, நியாயமான கூலிக்குரிய வேலையாகவோ செல்லட்டும். பயனாளிகள் பட்டியலைப் பட்டாவைக் கொண்டு தயாரிக்காமல் தொழிலைக் கொண்டு தயாரிப்போம். ஏறுபவர், முடைபவர், பறிப்பவர், சுமப்பவர் என்று ஒவ்வொரு தொழிலையும் பெயர் சொல்லிக் கேட்போம். அப்பட்டியல் எந்தத் தெருவில் தொடங்குகிறது, எந்தத் தெருவை எட்டாமலே முடிகிறது என்பதையும் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு ஊர்களுக்கு ஒரு நாள் போவதை விடுத்து, ஓர் ஊருக்கு மூன்று ஆண்டுகள் போவோம். ஒரு பங்கு, பாதிக்கப்பட்ட ஒரே ஊரைத் தன் உடன்பிறப்பாக ஏற்கட்டும். முதல் ஆண்டு கூரையும் கூலியும். இரண்டாம் ஆண்டு கன்றும் கருவியும். மூன்றாம் ஆண்டு கடன் தீர்ந்ததா, பள்ளியை விட்ட பிள்ளை திரும்பிற்றா என்ற விசாரிப்பு. பதாகையும் படமும் வேண்டா. வேளாங்கண்ணிக்கு ஆண்டுதோறும் செல்லத் தெரிந்த நமக்கு, வழியில் உள்ள ஓர் ஊரில் ஒரு நாள் தங்குவது பாரமாகாது.

பட்டுக்கோட்டைப் பக்கம் நாங்கள் கண்டவரை மறுபடியும் நாங்கள் சென்று பார்க்கவில்லை. அன்று நடப்பட்ட கன்றுகள் இந்நேரம் காய்க்கத் தொடங்கியிருக்கும். அவற்றில் ஏற அவர் அவ்வூரிலேயே இருக்கிறாரா, கடனுக்கு அஞ்சிக் குடும்பத்துடன் வேறெங்கேனும் பெயர்ந்துவிட்டாரா என்பது எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துவைத்திருப்பதே உதவி என்பதை நாங்கள் மிகத் தாமதமாகக் கற்றோம். இவ்வாண்டு திருப்பயணம் முடித்துத் திரும்பும்போது அத்தோப்பின் ஓரத்தில் மீண்டும் இறங்க முடிவு செய்திருக்கிறோம். இம்முறை எங்களுடன் மூட்டை எதுவும் வராது.